வாசலில் ஒரு போர்த்தாய்

செய்தி வந்தபோது நான் கருவடிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் சோதித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் நான் நேரில் போக வேண்டியதில்லை, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் சிங்காரம் வாயைத் திறந்து "ஹலோ" சொன்னால்தான் ஆம்ப்ளிஃபயர் ஒழுங்காகப் பாடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை ஆரம்பித்து வைத்தவனும் நான்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. வளர்மதி.

"மாமா, மதாம் போயிட்டாங்க. விடியக்காலையில. தூக்கத்துலயே."

"எந்த மதாம்?" என்று கேட்டேன். கையில் மைக் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. புதுச்சேரியில் மதாம்கள் பலர் உண்டு. எனக்கு ஒரே மதாம்தான் என்பது வளர்மதிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன், வேறு யாராவதாக இருக்கட்டுமே என்று. அவள் அழுதாள். செட்டை அணைத்தேன். நாதஸ்வரக்காரர் உறையிலிருந்து எடுத்த வாத்தியத்தை மறுபடியும் உறைக்குள்ளேயே வைத்துவிட்டார். இதை மதாம் கேட்டிருந்தால், பிரெஞ்சில் ஐயா என்கிற முசியேவும் சேர்த்து, "முசியே சிங்காரம், பாதியைக் கழிச்சிட்டுச் சொல்லுங்க" என்றிருப்பார். சரி, வாத்தியத்தைப் பாதிதான் உள்ளே வைத்தார்.

எங்கள் கல்லூரியில் பிரெஞ்சு நடத்திய செலின் மதாமைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள், பெயருக்குப் பின்னால் நீளமாகப் பட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள், நீங்களும் எழுத வேண்டும் என்று வளர்மதி வந்து உட்கார்ந்துவிட்டாள். எட்டாவதோடு நின்றவன் "எங்கள் கல்லூரி" என்கிறானே என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரியில் யார் மேடையேறிப் பேசினாலும் அவர் குரல் என் ஒயர் வழியாகத்தான் வெளியே வந்தது. மந்திரி பேசினாலும் சரி, மாணவர் தலைவன் பேசினாலும் சரி, நான் சுவிட்சைப் போட்டால்தான் பேச்சு. நீங்களெல்லாம் அங்கே படித்தவர்கள். நான் அந்தக் கல்லூரியின் தொண்டை.

இந்த வருஷம் என் பேத்தி கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்தாள். சேர்ந்த அன்றே போனைத் தேய்த்துக்கொண்டு வந்து, "தாத்தா, எங்க காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயருக்குன்னே ஆன்லைன் போர்ட்டல் வச்சிருக்காங்க. இன்னா டவுட்டு கேட்டாலும் அதுலயே பதில் வரும்" என்றாள்.

"நாங்க எழுபதுகள்லயே வச்சோம்" என்றேன்.

"அப்ப கம்ப்யூட்டரே கிடையாதே."

"கம்ப்யூட்டர் இல்ல. லைன் இருந்துச்சு, போர்ட்டல் இருந்துச்சு, மதாம் இருந்தாங்க."

உலகத்திலேயே முதல் ஆன்லைன் போர்ட்டலைப் புதுச்சேரியில் வைத்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதை இந்த மலர் மூலமாகவாவது உலகம் தெரிந்துகொள்ளட்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், சாரம் பகுதியில் இருந்த என் சவுண்ட் சர்வீஸ் கடை முன்னால் மதாம் மொபெட்டை நிறுத்தினார். கதர்ப் புடவை, கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. அவருடைய குடும்பம் முழுவதும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு கப்பலேறிவிட்டது. இவர் மட்டும் இங்கே உப்பளம் பகுதியில் தங்கிவிட்டார். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் அவர் நின்ற நிற்பைப் பார்த்து நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டேன்.

"காலேஜ் வாசல்ல இருந்து ஒருத்தர் பேசினா மாடியில என் ரூம்ல கேக்கணும். நான் பேசினா வாசல்ல கேக்கணும். பேசறவங்க மூஞ்சி எனக்குத் தெரியக் கூடாது. முடியுமா?"

"மதாம், நான் செட்டு கட்டினா கடலூர்ல கேக்கும்."

"கடலூர்ல வேணாம். என் ரூம்ல கேட்டா போதும்."

எதற்கு என்று கேட்டேன். குடையை மடக்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். "முதல் வருஷம் சேர்ற பிள்ளைங்கள்ல சில பேர் தீபாவளிக்கு ஊருக்குப் போனா திரும்பி வர்றதில்ல. ஏன்னு நினைக்கிறீங்க?"

"படிப்பு ஏறியிருக்காது."

"அதில்ல. கேக்க வெக்கம். வீட்டுல யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. யாரைக் கேக்கறது, எப்படிக் கேக்கறது, கேட்டா சிரிப்பாங்களோ. அந்த வெக்கத்துலயே நின்னுடறாங்க."

பிறகு தன் கதையைச் சொன்னார். மெட்ராசில் கல்லூரி சேர்ந்தபோது அவருக்குப் பிரெஞ்சு முழுசு, தமிழ் பாதி, இங்கிலீஷ் கால்வாசி. முதல் நாள் தப்பான வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். விலங்கியல். எழுந்து கேட்க வெட்கம். ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரம் இன்னா பண்ணீங்க?"

"தவளை அறுத்தேன்."

"நல்லா அறுத்தீங்களா?"

"அந்த வகுப்புல நான்தான் முதல்" என்றார் மதாம், சிரிக்காமல்.

நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய டெலிபோன் ரிசீவர் இரண்டு பிடித்தேன். பேட்டரி, அழைப்பு மணி, பித்தான் எல்லாம் என் சரக்கு. வாசல் தூணில் ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து வேப்பமரத்துக் கிளைகள் வழியாக ஒயரை இழுத்து மாடியில் மதாம் அறைக்குக் கொண்டுபோனேன். தபால் தந்தி இலாகாவிலிருந்து பெரிய எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, "இதை எங்கே படிச்சீங்க?" என்று கேட்டார். பாதியைக் கழித்தால், எஞ்சினியர் இல்லை, லைன்மேன். பேசுகிறவர் முகம் தெரியாமல் இருக்க ஒரு பழைய ஒலிபெருக்கிக் குழாயை அறுத்துப் பெட்டிக்கு மேலே குடை மாதிரி மாட்டினேன். தலையை அதற்குள் நுழைத்துக்கொண்டு பேசலாம். யார் என்று பின்னால் நிற்பவனுக்கும் தெரியாது. பெயர் கேட்கமாட்டோம் என்பதுதான் முதல் விதி. மதாம் போட்ட விதி.

பெட்டியை எங்கே மாட்டுவது என்று நான் கேட்டபோது அவர், "போர்த்தாய் பக்கத்துல" என்றிருந்தார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல கனமான பெயர். அவரிடம் சொல்லாமல், வேலை முடிந்த அன்று, தகரத்தில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதி மேலே மாட்டிவிட்டேன்: போர்த்தாய். என் கை எழுத்தோடு நிற்காது. ஒரு தாயின் பெயரை எழுதிவிட்டு வேல் போடாமல் விடுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. இரண்டு பக்கமும் வேல் போட்டேன். நடுவில் இரண்டு கண்.

கல்லூரி திறந்த நாள் காலையில் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து அம்மாக்கள் பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பெயரைப் பார்த்தார்கள், வேலைப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள். ஒரு அம்மாள் மடியிலிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினாள். இன்னொருத்தி வாசல் கம்பியில் எலுமிச்சம்பழம் குத்தினாள். வாட்ச்மேன் ஏழுமலைக்கு அது என்ன என்று தெரியாது. பித்தானை அழுத்தினால் பேசும் என்று மட்டும் தெரியும். அதைச் சொல்லிவிட்டான். கற்பூரம் ஏற்றிய அம்மாள் அழுத்தினாள்.

"தாயே, எம் பொண்ணு பாஸாவுமா?"

மேலே மதாம் ரிசீவரை எடுத்தார். "சொல்லுங்க, ஆள் இருக்கு. படிச்சா பாஸாவும்."

அந்த அம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் கும்பல் தெருமுனை தாண்டி நின்றது. ரிக்‌ஷாக்காரர்கள்கூட வரிசையில் நின்றார்கள். மதாம் இறங்கி வந்தார். கற்பூரத்தைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், அண்ணாந்து என் எழுத்தைப் பார்த்தார்.

"முசியே, இது என்ன?"

"போர்த்தாய், மதாம். நீங்க சொன்னதுதான்."

"நான் சொன்னது கேட்டை."

"கேட்டை நட்சத்திரமா?"

தூணைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. பெரிய வாசல் கதவுக்குப் பிரெஞ்சில் அதுதான் பேராம். அங்கே கதவு, இங்கே போருக்குப் போகிற தாய். நான் ஒரே வார்த்தையில் இரண்டு பாஷை எழுதியிருக்கிறேன். பண்டிதர்களுக்கு வராத காரியம்.

"அழிச்சிடட்டுமா மதாம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். "கண்ணையும் வேலையும் அழிங்க. பேரு இருக்கட்டும்."

மறுநாள் பிரின்சிபால் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். "கல்லூரி வாசல்ல எலுமிச்சம்பழம் தொங்குது. போர்த்தாய்னு சங்கம் ஆரம்பிச்சிருக்கீங்களானு வெளியில கேக்கறாங்க. மதாம், யார் மேல போர்?"

"வெக்கத்து மேல, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் முதல் பருவத் தேர்வு வரை பெட்டி இருக்கலாம் என்றார். அதற்குள் இந்தப் பெட்டியால் ஒரே ஒரு பிள்ளையாவது படிப்பை விடாமல் தங்கியது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கழற்றிவிட வேண்டும். மதாம் தலையசைத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "ஒயரைப் பாத்துக்குங்க முசியே, அது அறுந்தா எல்லாம் அறுந்துடும்" என்றார்.

கும்பிட வந்த கூட்டம் வடிந்ததும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஒயரைப் பார்க்கிற சாக்கில் நான் பாதி நாள் மதாம் அறையில்தான் இருப்பேன். வந்த கேள்விகளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது மதாம் ஒன்றுக்கும் சிரித்ததில்லை.

"மதாம், பெல் அடிச்சா வீட்டுக்குப் போவணுமா, அடுத்த ரூமுக்குப் போவணுமா?"

"மேஜர் இன்னானு கேட்டாங்க. எங்க வீட்டுல யாரும் மிலிட்டரில இல்லீங்க."

"பேர் கூப்பிட்டா உள்ளேன் ஐயான்னு சொல்லலாமா? லேடி சாரா இருந்தா?"

"லைப்ரரில புக்கு எடுத்தா திட்டுவாங்களா?"

ஒவ்வொன்றுக்கும் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சொல்லு, ஆள் இருக்கு" என்று ஆரம்பிப்பார். வகுப்பு நடக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த அறையை விட்டு நகர மாட்டார். ஒரு நாள் நான், "எல்லாத்தையும் ஒரு தாள்ல அடிச்சுக் கையில குடுத்துட்டா வேலை முடிஞ்சுது இல்ல?" என்றேன். "தாள் பதில் சொல்லும் முசியே. ஆள் இருக்குன்னு சொல்லாது" என்றார்.

பருவத் தேர்வு நெருங்கியது. நான் அறையில் அழைப்பு மணியின் நாக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. ஒரு பெண் குரல். தடித்த குரல்.

"மதாம், ஷார்ட் ஏஜ்னா போலீஸ்ல புடிச்சுக் குடுப்பாங்களா? என்னை மட்டுமா, எங்கப்பாவையும் சேத்தா? அவரு வேணும்னு பண்ணல மதாம். நான் நின்னுட்டா விட்டுடுவாங்..."

லைன் அறுந்தது. வேப்பமரத்து அணில் ஒயரைக் கடித்துவிட்டிருந்தது. அந்த அணிலை நான் ஒரு மாதமாகக் கண்காணித்து வந்தேன், என்னைவிடக் கெட்டிக்கார அணில். மாடியிலிருந்து வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை.

"தாவணி போட்ட பொண்ணு. சாரம் பக்கம் போச்சு. அழுதுக்கினே போச்சு" என்றான் ஏழுமலை.

மேலே வந்தபோது மதாம் ரிசீவரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "ஷார்ட் ஏஜ், ஷார்ட் ஏஜ்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். அன்று காலையில் முதல் வருஷத்து வகுப்புகளில் எல்லாம் ஆபீஸ் குமாஸ்தா வந்து, ஷார்ட்டேஜ் இருப்பவர்கள் பரீட்சை எழுத முடியாது என்று பொதுவாக இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வருகை நாட்கள் குறைவு என்பதற்குத்தான் அந்தச் சொல். இந்தப் பெண்ணோ வயது குறைவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பார். எங்கள் பக்கத்தில் அது சகஜம். அது இப்போது பிடிபட்டுவிட்டது, தான் படிப்பை விட்டால் அப்பா தப்பிப்பார் என்று ஓடிவிட்டாள்.

அறுந்த ஒயரை அப்போதைக்கு முறுக்கி ஒட்டுப் போட்டேன். அடுத்த நாள் மணி அடிக்காமல் இல்லை, அந்தக் குரல்தான் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சாரத்தை ஒட்டிய பஞ்சு மில்லில் அப்போது கூலித் தகராறு, அந்த வீடுகளிலிருந்து முதல் வருஷத்தில் வராத பிள்ளைகள் நிறைய. யார் என்று பொறுக்கி எடுக்க முடியாது.

"சாரத்துல எனக்குத் தெரியாத வீடா மதாம்? மில்லுக்காரங்க வீடு ஒண்ணொண்ணா விசாரிச்சா சாயங்காலத்துக்குள்ள புடிச்சிடலாம்" என்றேன்.

"புடிச்சா? வயசு விஷயம் தெருவுக்கே தெரிஞ்சுடும். பேரு கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப எப்படிச் சொல்றது அதுக்கு?"

மதாம் ஜன்னல் வழியாக ஒட்டுப் போட்ட ஒயரைப் பார்த்தார். "எல்லாருக்கும் சொல்லிட்டா, அவளுக்கு மட்டும் சொன்ன மாதிரி இருக்காது. முசியே, உங்க செட்டு கடலூர் வரைக்கும் கேக்கும்னீங்களே, சாரம் வரைக்கும் கேக்குமா?"

அன்று மாலை மில் சங்கு ஊதும் நேரத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷாவில் இரட்டைக் குழாயைக் கட்டினேன். மதாம் உள்ளே உட்கார்ந்தார், மடியில் மைக். நான் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். முதலில் ஒரு பாட்டுப் போட்டால் கூட்டம் சேரும் என்றேன். "கல்யாணமா நடக்குது?" என்று மறுத்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, கல்லூரியில் அறிவிக்கப்பட்ட பற்றாக்குறை என்பது..."

அவ்வளவுதான். பற்றாக்குறை என்றதும் வீடு வீடாகப் பெண்கள் பையோடு ஓடிவந்தார்கள். "ரேஷன்ல அரிசி இல்லியாமே" என்று ஒருத்தி, "மண்ணெண்ணெயும் இல்லியாம்" என்று இன்னொருத்தி. டீக்கடையிலிருந்து ஒருவர், "இன்னா மதாம், எலக்‌ஷன்ல நிக்கிறீங்களா?" என்றார்.

"நிக்கல. உக்காந்துதானே வர்றேன்" என்றார் மதாம் மைக்கிலேயே. தெரு சிரித்தது.

இது தேறாது என்று மைக்கை நான் வாங்கினேன். அன்று நான் பேசிய பேச்சை சாரத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். "தாய்மாரே, அண்ணன்மாரே, அரிசி இருக்குது, பயப்படாதீங்க. காலேஜ்ல ஷார்ட்டேஜுனு சொன்னாங்க இல்ல, அது வயசு கொறச்சல் இல்லீங்கோ. காலேஜுக்குப் போவாத நாள் கொறச்சல். ஏஜுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எந்தப் புள்ளையும் அதுக்காக நிக்க வேணாம்." இதையே தெருவுக்குத் தெரு சொன்னேன். மதாமும் விடவில்லை, என்னிடமிருந்து கற்றுக்கொண்டு, "நாள் கொறச்சல், வயசு கொறச்சல் இல்லீங்கோ" என்று அவரும் சொன்னார். அவர் வாயில் அந்த "இல்லீங்கோ" பிரெஞ்சு வார்த்தை மாதிரி ஒலித்தது.

மில்லுக்குப் பின்னால் இருந்த குறுகலான தெருவில் ஒருவர் ரிக்‌ஷா கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார்.

"ஏம்மா, நாள் கொறச்சல்னா ஜெயிலு கெடையாதா?"

"கெடையாது. வராத காரணத்தை எழுதிக் குடுத்தா மன்னிச்சு விட்டுடுவாங்க."

"வயசைப் பத்தி யாரும் கேக்கலியே?"

"கேக்கல. கேக்கவும் மாட்டாங்க."

அவர் பின்னால் திரும்பி ஒரு வீட்டு வாசலைப் பார்த்தார். கதவு ஒருக்களித்திருந்தது. "நான் சும்மா கேட்டேன். யாரோ ஒருத்தருக்காக."

"நானும் யாரோ ஒருத்தருக்காகத்தான் சொல்லிட்டு வர்றேன்" என்றார் மதாம். அந்த மனிதர் கைப்பிடியை விட்டார். கதவுக்குப் பின்னால் தாவணி அசைந்ததை நான் பார்த்தேன். மதாம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. ரிக்‌ஷாக்காரரிடம் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் புது ஒயரை மாற்றிக் கட்டிய கையோடு மணி அடித்தது.

"மதாம், நான் யாரோ ஒருத்தி."

மதாம் நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுகொண்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. "சொல்லு, ஆள் இருக்கு."

"எழுதிக் குடுக்கணும்னாங்களே, அதை எப்படி எழுதணும்?"

ஆனால் பிரின்சிபாலுக்கு ரிக்‌ஷா ஊர்வலச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கல்லூரி மதாம் அரிசிக்காகப் போராட்டம் நடத்தினார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின நாள் வாசலுக்கே வந்துவிட்டார். சுற்றிலும் பிள்ளைகள். ஏணியோடு என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

"ஒரு பிள்ளையைக் காட்டச் சொன்னேன், மதாம்."

"இருக்கு சார்."

"யாரு? பேரைச் சொல்லுங்க."

"பேரைக் கேக்க மாட்டேன்னு சொல்லித்தான் வச்சது. எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப கழட்டறதைத் தவிர எனக்கு வழியில்ல."

"கழட்டுங்க" என்றார் மதாம். "ஒரு பிள்ளையைக் காட்டிக் குடுத்துட்டு ஒரு பெட்டியை வச்சுக்கணும்னு எனக்கு இல்ல."

நான் ஏணியில் ஏறினேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். என் வாழ்க்கையில் எந்தத் திருகாணியையும் அத்தனை மெதுவாகக் கழற்றியதில்லை. எடுக்கத் தெரியாதவன் மாதிரி அதை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. தடித்த குரல். எனக்கு ஒரு குரலை ஒருமுறை கேட்டால் போதும்.

"சார், அந்தப் புள்ள நான்தான்."

தாவணி போட்ட பெண். தலையைக் குழாய்க்குள் நுழைக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள். "பேரு வளர்மதி. முதல் வருஷம். நின்னுட்டேன். இந்தப் பொட்டியில கேட்டுத்தான் திரும்பி வந்தேன்."

"என்ன கேட்ட?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார். பதில் கெடச்சுது. நாளைக்குப் பரீட்சை எழுதறேன்."

பிரின்சிபால் அவளைப் பார்த்தார், என் எழுத்தைப் பார்த்தார். வெட்கத்தின் மேல் போர் என்று மதாம் சொன்னது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும். பெட்டியிடம் போய்ப் பித்தானை அழுத்தினார். மேலே அறையில் யாரும் இல்லை. மதாம்தான் பக்கத்திலேயே நிற்கிறாரே. ஆனாலும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே, "இருக்கட்டும்" என்றார். மதாம் அவருக்குப் பக்கத்தில் நின்றபடியே, "சரி சார், ஆள் இருக்கு" என்றார். நான் ஏணியிலிருந்தபடி திருகாணியை முறுக்கினேன். அதற்குப் பிறகு எந்தப் பிரின்சிபாலாலும் அதைக் கழற்ற முடிந்ததில்லை. அவ்வளவு இறுக்கம்.

எண்பதுகள் முழுக்க அந்தப் பெட்டி வாசலில் இருந்தது. மதாம் வகுப்புக்குப் போகும் நேரத்தில் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் மேலே வந்து உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கினார்கள். வளர்மதிதான் முதலில் உட்கார்ந்தவள். கல்லூரி வாசலை அகலப்படுத்தத் தூணை இடித்தபோதுதான் பெட்டியை நான் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வளர்மதி பிறகு ஆசிரியை ஆனாள். இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாள். அப்பா கூட்டிச் சொன்ன வயதால் ஓய்வும் முன்னாலேயே வந்துவிட்டது என்று இன்றைக்கும் அவரைத் திட்டுகிறாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இந்த வயது விஷயத்தை எழுதியிருக்கிறேன்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மதாம் ரவையும் ரம்மும் சேர்த்த விவிக்கம் கேக் சுட்டுக் கொண்டுவருவார். பெரிய துண்டாகக் கேட்பேன். "பாதியைக் கழிச்சிடறேன்" என்று பாதி வெட்டித் தருவார். என் மனைவி அஞ்சலைக்கு மட்டும் முழுத்துண்டு. நான் எதைச் சொன்னாலும் கழிக்கிறவர், சாரத்தில் நான் பேசிய பேச்சை மட்டும் யாராவது கேட்டால், "அன்னைக்கு முசியே இல்லன்னா நான் அரிசிதான் வாங்கிக் குடுத்திருக்கணும்" என்பார். அதில் ஒரு சொல்லும் கழித்ததில்லை.

உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கல் வைக்கும்வரை நடுகிற மரச்சிலுவையில் பெயர் எழுத வேண்டும் என்றார்கள். கை நடுங்குகிறதே, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று என் மகன் கேட்டான். நானே எழுதினேன். பெயர், அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வார்த்தை. பிரான்சிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வளர்மதி வாசித்துக் காட்டினாள்.

"போர்த்தாய்? ஏன் கதவுன்னு எழுதியிருக்கு?" என்றான் அவன், உடைந்த தமிழில்.

"கதவு இல்லைங்க, போர் பண்ற தாய்" என்றார் பக்கத்திலிருந்த ஒரு பழைய மாணவர்.

"ரெண்டும்தான்" என்றாள் வளர்மதி.

அந்த ரிசீவர் இரண்டையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். தகரப் பலகை என் கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கண்ணையும் வேலையும் அழித்த தடம்கூட இன்னும் தெரியும். ஆனால் நான் எனக்கென்று வைத்துக்கொண்டது பலகையை இல்லை. என் போன் எந்த நேரத்தில் அடித்தாலும், யார் என்று பார்க்காமல் எடுத்து, "சொல்லுங்க, ஆள் இருக்கு" என்கிறேன். பேத்தி கல்லூரியிலிருந்து கூப்பிட்டாலும் அப்படித்தான். போர்ட்டலில் எல்லாப் பதிலும் வருகிறதே, பிறகு ஏன் எனக்குப் போன் செய்கிறாய் என்று நான் அவளைக் கேட்பதில்லை.

மேலே எழுதியதில் உங்களுக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மதாம் கழிப்பார் என்று தெரிந்துதான் நான் எப்போதும் இரண்டு மடங்காகச் சொல்வேன். போனை எடுத்து ஆள் இருக்கு என்கிறேன் என்றேனே, அந்தக் கடைசி ஒன்றில் மட்டும் கழிக்க வேண்டாம்.